பதினாறாம் எண்ணின் நடை

மறுவாழ்வு மையத்தின் இரண்டாம் மாடியில், நீண்ட நடைகூடத்தின் கோடியில் இருந்தது அவருடைய பட்டறை. விபத்திலோ நோயிலோ காலை இழந்தவர்களுக்குச் செயற்கைக் கால் செய்து, மாட்டி, நடக்கவைத்து அனுப்புவது அவர் வேலை. சம்பளப் பட்டியலுக்கு வெளியே அவருடைய பெயர் யாருக்கும் தேவைப்பட்டதில்லை. வாசல் காவலாளி முதல் பெரிய டாக்டர் வரை எல்லோருக்கும் அவர் ‘கால்காரர்’தான். கூப்பிடக் கூப்பிட அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது.

இருபத்தாறு வருட வேலை. சுவர் அலமாரி முழுக்க மாவுக்கட்டுப் போடும் வெள்ளை மாவில் வார்த்த கால்கள், ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒரு சீட்டு. நடுவில், பிடித்து நடந்து பழக இரண்டு நீளக் கம்பிகள். எதிரே ஆளுயரக் கண்ணாடி. சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்னத் திருகுச் சாவி. புதுக் காலின் கணுவில் இருக்கும் திருகை அரைச் சுற்று திருப்பினால் ஒரு மனிதரின் நடையே மாறிவிடும். எந்தத் திருகு, எந்தப் பக்கம் என்பதை அவர் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே காதால் கண்டுபிடித்துவிடுவார். நடைகூடத்தில் காலடி கேட்கும்போதே, “உள்ள வாங்க, குதிகால் கொஞ்சம் தூக்கிருச்சு போல” என்பார். வந்தவர் வாயைப் பிளப்பார். அந்தப் பிளந்த வாய்களைப் பார்த்துப் பார்த்து, தன் காதும் கண்ணும் பொய் சொல்லாது என்ற எண்ணம் அவருக்குள் வேர்விட்டிருந்தது.

கால்பந்துப் பைத்தியம் அவருக்கு எப்படிப் பிடித்தது என்று மனைவிக்கே புரியவில்லை. பாலிடெக்னிக்கில் படித்தபோது ஒரே ஒரு ஆட்டத்தில் கோல்கீப்பராக நின்றவர். ஏழு கோல் விட்டதும், பந்து பொறுக்கிப் போடக் கோலுக்குப் பின்னால் அனுப்பிவிட்டார்கள். ஆனால் பார்ப்பது வேறு. வாரமெல்லாம் தட்டுத்தடுமாறி எடுத்துவைக்கும் அடிகளைப் பார்த்த கண்ணுக்கு, சனிக்கிழமை சாயங்காலம் தொலைக்காட்சியில் இருபத்திரண்டு பேர் ஓடுவது விருந்து.

பார்ப்பது எதிர்ச்சாரியில் இருந்த போட்டோ ஸ்டுடியோவின் பின்னறையில். ஸ்டுடியோக்காரர் இவரைவிட நாலு வயது இளையவர், இவரை ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுவார். ஐரோப்பாவின் ஏதோ ஒரு துறைமுக நகரத்து கிளப்புக்கு அவர் பரம பக்தர். பச்சைச் சட்டைக்காரர்கள். அவர்கள் ஜெயித்தால் அன்றைக்குப் பாஸ்போர்ட் படம் எடுக்க வந்தவர்கள்கூடச் சிரித்துக்கொண்டே படத்தில் விழுவார்கள். பின்னறைக்கு வரும் நாற்பது பேருக்காக அவர் இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கினார். அதில் கால்காரரை எழுதச் சொன்னார்.

“நீங்க காலைப் பத்தி எழுதுங்கண்ணே. கோலைப் பத்தி எழுத ஊர்ல ஆயிரம் பேர் இருக்கான்.”

அப்படித்தான் ‘கால்காரர் குறிப்பு’ ஆரம்பமானது. பச்சைச் சட்டைக்காரர்களின் முன்கள வீரர் ஒருவர் வலது கணுக்காலைக் காப்பாற்றியே பந்தை உதைக்கிறார் என்று ஒரு வாரம் எழுதினார். பத்து நாளில் கிளப்பே அதை ஒப்புக்கொண்டது. அடுத்து எதிரணிக் கோல்கீப்பரின் முழங்கால். அதுவும் பலித்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததோ, நிஜமாகவே கண் சரியாகப் பார்த்ததோ, படிப்பவர்கள் நாற்பதிலிருந்து நாற்பதாயிரமானார்கள். யார் யாரோ அதைத் தங்கள் மொழிகளில் மாற்றிப் போட ஆரம்பித்தார்கள். அவர் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் காலையில் பல் துலக்குவதற்கு முன் எத்தனை பேர் படித்தார்கள் என்று பார்த்துவிடுவார்.

அந்த வருடம் கிளப்புக்குப் புதிதாக வந்து சேர்ந்தவர்தான் பதினாறு. இடதுபுறத் தடுப்பாட்டக்காரர், முதுகில் பதினாறாம் எண். வயது முப்பது. உலக வரைபடத்தில் விரல் வைத்தால் விரலுக்கடியில் மறைந்துவிடும் ஒரு சின்ன நாட்டுக்காரர். அந்த நாடு அந்த வருடம்தான் முதன்முதலாக ஒரு பெரிய போட்டிக்குத் தகுதி பெற்றிருந்தது. தகுதிச் சுற்று முழுக்க ஆடியவர் அவர். போட்டிக்குப் போகும் இருபத்தாறு பேர் பட்டியலில் அவர் பெயர் இருக்குமா என்று யாரும் கேட்கக்கூட இல்லை.

பட்டியல் வர மூன்று வாரம் இருந்தபோது ஒரு சனிக்கிழமை கால்காரர் அதைப் பார்த்தார். பந்து வெளியே போய் ஆட்டம் நின்றிருந்த நேரம். பதினாறு தன் இடத்துக்கு நடந்து திரும்பிக்கொண்டிருந்தார். இடது கால் ஊன்றும் ஒவ்வொரு முறையும் இடது தோள் ஒரு நூல் தாழ்ந்தது. இடுப்பு அதை மறைக்க எதிர்ப்பக்கம் சாய்ந்தது. பின்னறையில் வேறு யாருக்கும் தெரியவில்லை.

“நிறுத்து, நிறுத்து. அத மறுபடி போடு” என்றார்.

ஸ்டுடியோக்காரர் போட்டார். நாலு முறை போட்டார்.

“என்னண்ணே?”

“வலிய மறைக்கிறான். இடுப்பு.”

மறுநாள் ஸ்டுடியோக்காரர் அந்தச் சீசனின் ஆட்டங்களிலிருந்து துண்டு துண்டாக வெட்டி, தோளிலும் இடுப்பிலும் சிவப்புக் கோடு போட்டு, நாற்பத்தொரு நொடிக்கு ஒரு வீடியோ செய்தார். அதன் கீழே கால்காரர் எழுதினார்: ‘பதினாறு எதையோ மறைக்கிறார். இந்த இடுப்போடு போட்டிக்குப் போனால் மூன்றாவது ஆட்டத்தைத் தாண்ட மாட்டார். அவருக்காக ஒரு நல்ல கால் வீட்டில் உட்கார வேண்டுமா?’

கடைசி வரி நன்றாக இருக்கிறது என்று அவரே நினைத்தார்.

நாலு நாளில் அந்த வீடியோ அவருடைய கையைவிட்டுப் போய்விட்டது. அந்தச் சின்ன நாட்டு விளையாட்டுப் பத்திரிகை ஒன்று அதைப் பெரிதாகப் போட்டது. தொலைக்காட்சியில் நாலு பேர் சிவப்புக் கோட்டை வைத்து வாதாடினார்கள். செய்தியாளர் ஒருவர் பதினாறிடமே கேட்டார். அவர் சிரித்து, தனக்கு ஒன்றுமில்லை என்றார். பரிசோதனை செய்த மருத்துவர்களும் புதிதாக ஒன்றும் தெரியவில்லை என்றுதான் சொன்னார்கள். ஆனால் சந்தேகம் என்பது சட்டையில் பட்ட எண்ணெய். துடைக்கத் துடைக்கப் பரவும்.

அடுத்த ஆட்டத்தில் எல்லாக் கேமராவும் பதினாறின் இடுப்பிலேயே இருந்தன. அவர் அன்றைக்கு நேராக நடந்தார். தோள் தாழவில்லை, இடுப்பு சாயவில்லை, யாரோ முதுகில் மட்டப்பலகை கட்டிவிட்டதுபோல ஒரு நடை. எழுபதாவது நிமிடத்தில் எதிரணிக்காரர் ஒருவர் அவரைத் தாண்டி ஓடினார். திரும்பி ஓட வேண்டிய அந்தக் கணத்தில் பதினாறின் கால்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. விழுந்தார். கோல்.

“பாத்தியா, சொன்னேன்ல?” என்று தொடையில் தட்டிக்கொண்டார் கால்காரர்.

பட்டியல் ஒரு புதன்கிழமை மத்தியானம் வந்தது. பட்டறையைப் பூட்டிவிட்டு அவர் ஸ்டுடியோவுக்கு ஓடினார். அந்த நாட்டு அணியின் பயிற்சியாளர் தொலைக்காட்சியில் ஒரு தாளை வைத்துக்கொண்டு இருபத்தாறு பெயர்களையும் படித்தார். பதினாறின் பெயர் இல்லை. சந்தேகத்தோடு யாரையும் கூட்டிப்போக முடியாது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். கால்காரர் சொன்னது பலித்துவிட்டதென்று பின்னறை அதிர்ந்தது. யாரோ கேக் வாங்கிவந்தார்கள். பயிற்சியாளருக்கே பாடம் எடுத்தவர் என்று ஸ்டுடியோக்காரர் அவரைத் தூக்கப் பார்த்து, இடுப்பு பிடித்துக்கொண்டு, அதற்கும் ஒரு சிரிப்பு எழுந்தது.

அந்தச் சிரிப்புக்கு நடுவில் தொலைக்காட்சியில் ஒரு காட்சி வந்தது. பதினாறு தன் வீட்டு வெளிக்கதவைத் திறந்து உள்ளே போகிறார். முதுகு மட்டும். ஏழெட்டு அடிதான். இடது தோள் தாழ்ந்து தாழ்ந்து போனது. அதில் கால்காரரின் கண் ஏதோ ஒன்றைப் பார்த்தது. வலிக்கிற மனிதர் கேமரா இல்லாதபோதும் இருக்கும்போதும் ஒரே அளவில் நொண்ட மாட்டார். வலி ஏறும், இறங்கும். இந்த நடை கடிகாரம்போல ஒரே சீராக இருந்தது. கடித்த கேக்கை அப்படியே தட்டில் வைத்துவிட்டார். பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை.

அந்தச் சின்ன நாடு மூன்று ஆட்டமும் தோற்று ஊர் திரும்பியது. ஐந்து மாதம் கழித்துப் பதினாறு ஒரு பேட்டி கொடுத்தார். நாட்டு அணியிலிருந்து விலகுவதாக அறிவித்த பேட்டி. கால்காரர் அதைப் பட்டறையில், சாப்பாட்டு நேரத்தில், கைபேசியில் மொழிபெயர்ப்பாகப் படித்தார். எட்டு வயதில் மரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்ததாம். கூடியபோது அந்தக் கால் ஒரு விரற்கடை குட்டையாகிவிட்டதாம். அன்றிலிருந்து அதுதான் தன் நடை, ஒருநாளும் வலித்ததில்லை என்றிருந்தார். யார்மேலும் கோபமில்லை என்றும் இருந்தது. கடைசியில் ஒரு வரி: ‘எங்கிருந்தோ யாரோ என் நடையைப் பற்றி எழுதினார்களாம். அதற்குப் பிறகு எனக்கு நடக்க மறந்துவிட்டது.’

பாதிச் சாப்பாட்டில் கை கழுவினார் கால்காரர்.

பட்டறைக்கு முதன்முதலாக வரும் ஒவ்வொருவரிடமும் அவர் ஒரு கேள்வி கேட்பார். ‘இதுக்கு முன்னாடி நடந்த வீடியோ ஏதாவது இருக்கா? கல்யாண வீடியோன்னாலும் பரவாயில்ல.’ ஒருவர் பழையபடி எப்படி நடந்தார் என்று தெரியாமல் திருகைத் தொடக்கூடாது. அவரே வகுத்துக்கொண்ட விதி. பதினாறின் விஷயத்தில் ஒரே ஒரு சீசனைப் பார்த்துவிட்டுத் திருகைத் தொட்டுவிட்டார்.

அன்றிலிருந்து மத்தியானங்களில் பழைய ஆட்டங்களைத் தேட ஆரம்பித்தார். கிடைத்தன. இரண்டாம் பிரிவு, மூன்றாம் பிரிவு. காலி நாற்காலிகளுக்கு முன்னால், மழையில், மங்கலான ஒரு கேமராவில். பத்தொன்பது வயதுப் பதினாறு, அப்போது வேறு எண். அதே தோள், அதே ஒரு நூல். இருபத்திரண்டு வயது, அதே ஒரு நூல். இருபத்தேழு வயது. அதே. முப்பத்தாறு ஆட்டம் பார்த்தார். ஒன்றிலாவது நேராக நடந்திருக்க மாட்டாரா, தான் சொன்னதில் பாதியாவது உண்மையாகிவிடாதா என்றுதான் பார்த்தார். நேராக நடந்தது ஒரே ஒரு ஆட்டத்தில். வீடியோவுக்குப் பிறகு எல்லாக் கேமராவும் அவர் இடுப்பைப் பார்த்த அந்த ஆட்டத்தில்.

மனைவி நீதிமன்றத்தில் தட்டச்சர். வீட்டில் கால்காரரின் முகத்தைப் பார்த்தே விஷயத்தைக் கறந்துவிட்டார்.

“தீர்ப்பச் சொல்லிட்டு இப்ப சாட்சி தேடுறீங்களா?”

“நான் என்ன, வேணும்னா செஞ்சேன்?”

“வேணும்னு செஞ்சதா யாருங்க சொன்னா? வேணும்னு செய்றவங்களை நான் தினமும் பாக்குறேன். அவங்க நல்லாத் தூங்குறாங்க.”

மறுநாள் அவர் தான் தவறு செய்ததை விவரமாக எழுதிப் பக்கத்தில் போட்டார். பழைய ஆட்டங்களின் படங்களையும் சேர்த்தார். இருநூற்றுப் பதினொரு பேர் பார்த்தார்கள். அதில் ஒருவர், ‘கால்காரரே, வயதாகிவிட்டதா?’ என்று கேட்டிருந்தார். முதல் வீடியோவை ஐம்பது லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். அதை எடுத்துவிடச் சொல்லி ஸ்டுடியோக்காரரிடம் கேட்டார்.

“நான் எடுத்துர்றேண்ணே. ஆனா இந்நேரம் எங்கெங்க இருக்கோ. ஊர் வாய மூட உலைமூடி ஏது?” என்றவர், பிறகு குரலைத் தாழ்த்தி, “விடுங்கண்ணே. நம்ம ஒருத்தர் எழுதினதுக்கா அவ்ளோ பெரிய கோச்சு ஆள எடுப்பாரு?” என்றார்.

அந்தக் கேள்வியைத்தான் அவரும் தினமும் தன்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார். எடுத்திருக்க மாட்டார் என்று ஒரு நாள் பதில் வரும். எடுத்தாரே என்று மறுநாள் வரும்.

காலடி கேட்க ஆரம்பித்தது அந்த மாதம்தான். மாலை நாலு மணி வாக்கில் நோயாளிகள் எல்லோரும் போனபின், நடைகூடத்தில் ஒருவர் நடந்து வருவது கேட்டது. ஒரு அடி அழுத்தி, ஒரு அடி லேசாக. இடது கால் ஒரு விரற்கடை குட்டை என்று கேட்ட மாத்திரத்தில் தெரிந்தது. “உள்ள வாங்க” என்று பழக்கத்தில் சொல்லிவிட்டார். காலடி வாசலில் நின்றது. யாரும் வரவில்லை. எழுந்து போய்ப் பார்த்தார். நடைகூடம் கோடிவரை காலியாக, துடைத்த ஈரம் காயாமல் பளபளத்தது. ஈரத்தில் ஒரு தடமும் இல்லை.

காவலாளியிடம் விசாரித்தார். “மேல யாரும் வரலயே சார்” என்றார் அவர். மறுநாளும் வந்தது. சில நாள் வராது. வராத நாளில் அவர் வேலையை விட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பார். அது இன்னும் மோசம். மையத்தின் டாக்டரிடம் காதைக் காட்டினார். டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, “உங்க காது என் காத விட நல்லாருக்கு” என்றார்.

கிளப்பின் முகவரிக்கு ஒரு கடிதம் எழுதினார். எட்டு முறை எழுதிக் கிழித்து, ஒன்பதாவதை மனைவி தட்டச்சு செய்துகொடுத்தார். ‘உங்கள் நடையைப் பற்றி எழுதியவன் நான்தான். தப்பாகப் பார்த்தேன். உங்கள் நடையில் ஒரு குறையும் இல்லை’ என்பதுதான் சாரம். மூன்று மாதம் கழித்துப் பச்சை நிற உறையில் பதில் வந்தது. பிரித்தார். உள்ளே பதினாறின் புகைப்படம், சிரித்த முகம். கீழே அச்சடித்த ஒரு வரி: ‘உங்கள் அன்புக்கு நன்றி.’ அதன்மேல் ஒரு கையெழுத்து. ரசிகர் கடிதங்களைப் பிரிக்கிறவர்கள் யாரோ, படிக்காமலேயே எல்லோருக்கும் அனுப்புவதை இவருக்கும் அனுப்பியிருந்தார்கள்.

மனைவி அந்தப் படத்தை வாங்கிப் பார்த்தார். பிறகு மேசைமேல் கவிழ்த்து வைத்தார். கால்காரரால் அதை மாட்டவும் முடியவில்லை, தூக்கிப்போடவும் முடியவில்லை. மறுநாள் பட்டறைக்குக் கொண்டுபோய், மாவு வார்ப்புகளுக்குப் பின்னால், கண்ணுக்குப் படாத இடமாகப் பார்த்து வைத்தார். கண்ணுக்குப் படாத இடம் எது என்பது அவருக்குத் தெரியும் என்பதால் கண் அங்கேயேதான் போனது.

அந்தப் போட்டி முடிந்து நாலு வருடம் ஓடியது. அடுத்த பெரிய போட்டி வந்தது. அந்தச் சின்ன நாடு தகுதி பெறவில்லை. பதினாறு ஆட்டத்தை விட்டுவிட்டார் என்று எங்கோ ஒரு மூலையில் இரண்டு வரிச் செய்தி வந்திருந்தது. ஒவ்வொரு நாட்டின் வீரர் பட்டியலும் வரும் நாட்கள் அவை. ஸ்டுடியோக்காரர் பட்டறைக்கே ஏறி வந்துவிட்டார். கையில் கைபேசி, அதில் ஒரு இளம் தடுப்பாட்டக்காரர் ஓடிக்கொண்டிருந்தார்.

“ஒரே ஒரு தடவ பாருங்கண்ணே. முட்டி சரியா இருக்கா, இல்லையா? எல்லாரும் உங்களத்தான் கேக்குறாங்க.”

அவர் பார்க்கவில்லை. மாவு பிசைந்த கையைத் துடைத்துக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“எனக்குத் தெரியாதுப்பா.”

“உங்களுக்கா தெரியாது?”

“தெரியாது. தெரியும்னு சொன்னா நம்பிருவாங்க. அதான் பயமாருக்கு.”

ஸ்டுடியோக்காரர் நின்று பார்த்தார். பிறகு கைபேசியைப் பையில் போட்டுக்கொண்டு, “சரி, சும்மாவாச்சும் ஆட்டம் பாக்க வாங்க. உங்க நாற்காலில யாரும் உக்காரல” என்று சொல்லிவிட்டு இறங்கிப்போனார். கால்காரர் போகவில்லை. பந்தின் பின்னால் ஓடும் கால்களை அவரால் இனி வெறும் கால்களாகப் பார்க்க முடியாது.

அந்த வாரக் கடைசியில் ஒரு பெண் வந்தார். தபால் பட்டுவாடா செய்பவர், வயது நாற்பது இருக்கும். லாரி மோதி வலது கால் முழங்காலுக்குக் கீழே போயிருந்தது. வேறு ஊர் மையத்தில் புதுக் காலை மாட்டி இரண்டு வாரம் பழகியாகிவிட்டது. கம்பிகளைப் பிடிக்காமல் நடந்து காட்டினார். நடந்தபோது உடம்பு ஒரு பக்கமாகப் படகுபோல அசைந்தது. எந்தத் திருகு என்று அவருடைய காது உடனே சொன்னது. கை சாவியைத் தொட்டது. நின்றது.

“முன்னாடி எப்படிம்மா நடப்பீங்க?”

“இப்படித்தான். எங்கப்பா நடை. தெருவுல தூரத்துல வரும்போதே, அந்தாளு பொண்ணு வருதுன்னு சொல்வாங்க.”

“வீடியோ இருக்கா?”

“தம்பி கல்யாணத்துல எடுத்தது இருக்கு. ஏங்க சார், தப்பா நடக்குறனா?”

அந்தக் கேள்வி அவரை எங்கோ பிடித்து உலுக்கியது. அவர் வீடியோவை வாங்கி இரண்டு முறை பார்த்தார். பந்தலுக்கு நடுவில் தட்டைத் தூக்கிக்கொண்டு அந்தப் பெண் இரண்டு சொந்தக் காலோடு படகுபோல அசைந்து போய்க்கொண்டிருந்தார். அவர் சாவியைப் பையில் போட்டார்.

“தப்பெல்லாம் இல்லம்மா. உங்க நடைதான். அப்படியே நடங்க.”

அந்தப் பெண் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார். நடைகூடத்தில் அவர் காலடி அசைந்து அசைந்து தேய்ந்தது. படிகளில் ஒவ்வொன்றாக இறங்கியது. கீழே கதவு திறந்து மூடியது. கால்காரர் கண்ணாடி முன்னால் நின்று கேட்டுக்கொண்டே இருந்தார். மணி நாலாகச் சில நிமிடம் இருந்தது.

எல்லாம் அடங்கியபின், நடைகூடத்தின் கோடியிலிருந்து அந்த இன்னொன்று கிளம்பி வந்தது. ஒரு அடி அழுத்தி, ஒரு அடி லேசாக. அவசரமில்லாமல். அவர் உள்ளே வரச் சொல்லவில்லை, வாசலுக்குப் போய்ப் பார்க்கவுமில்லை. வருகிறவருக்கென்று ஒரு நாற்காலியை வாசலைப் பார்த்துத் திருப்பிப் போட்டுவிட்டு, மாவு காய்வதற்குள் கையிலிருந்த வேலையை முடிக்கக் குனிந்தார்.